ஒரே அளவில் இரண்டு துளைகள்

ரெய்னோவுக்குக் கை நடுங்குகிறதாம், சுட்ட மானைத் தவறவிட்டுவிட்டானாம். பெட்ரோல் பங்கில் காபி ஊற்றிக்கொண்டிருந்தவர், தன் ஓரகத்தி புருஷன் சொன்னதாக என்னிடம் சொன்னார். மிச்சிகனின் இந்த வடகோடியில் நவம்பர் பதினைந்து, வேட்டைப் பருவம் தொடங்கும் நாள், விடிந்துவிட்டால் பேச்செல்லாம் மான்தான்.

பக்கத்து வீட்டு வில்பர்ட்டிடம் சொன்னேன். முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். எங்கள் சாலையில் பாதிப் பேருக்கு அவர் நிலவறையில் அடைத்துக் கொடுக்கும் தோட்டாதான். வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, குண்டின் வேகத்தைக் கருவியில் அளந்து, பெட்டிமேல் பென்சிலால் எழுதுவார். ரெய்னோ அவர் மனைவி சில்வியாவின் தம்பி. அவள் இறந்த பிறகு அவருக்கென்று இருக்கும் ஒரே ஆள்.

"அவன் கையா நடுங்கும்? சீட்டுல என்னை ஏமாத்தும்போதுகூட நடுங்காதேப்பா" என்றார்.

நாலாம் நாள், ரெய்னோ சுட்ட இடத்துக்கு அப்பால் சதுப்பின்மேல் அண்டங்காக்கைகள் வட்டமிடுவதைப் பார்த்து இருவரும் போனோம். தேவதாரு மரங்களுக்கடியில் மான் விறைத்துக் கிடந்தது. வில்பர்ட் பனியில் மண்டியிட்டு, கையுறையைக் கழற்றி, முன்னங்காலுக்குப் பின்னால் தடவினார். பிறகு மானைப் புரட்டினார். நுழைந்த துளையும் வெளியேறிய துளையும் ஒரே அளவு.

"சரியான இடத்துலதானே பட்டிருக்கு?"

"பட்டிருக்கு. குண்டு விரியல." துளையை விரலால் அளந்தார். "தப்பு என்னோடது."

கோடையில் ரெய்னோவுக்குத் தோளில் அறுவைச் சிகிச்சை நடந்தது. "மச்சான், உதைப்பு கம்மியா அடைச்சுக் குடு, தோள் தாங்காது" என்று கேட்டிருக்கிறான். இவரும் வெடிமருந்தைக் குறைத்தார். நொடிக்கு இரண்டாயிரத்து எழுநூறு அடி போனது இரண்டாயிரமானது. குண்டை மட்டும் மாற்றவில்லை. அந்தக் கெட்டியான செம்புக் குண்டு காளான்போல் விரிய, மானைத் தொடும்போதே இரண்டாயிரமாவது இருக்க வேண்டும். நூற்றைம்பது கஜம் போவதற்குள் வேகம் இறங்கி, ஊசிபோல் துளைத்துக்கொண்டு போய்விட்டது. மானும் அடிபட்ட இடத்தில் விழாமல் சதுப்புவரை ஓடியிருக்கிறது.

"அட்டையில சுட்டுப் பாத்தோம். அட்டைக்கென்ன, எதுல சுட்டாலும் ஓட்டை விழும். வேகத்தை என் கையாலதான் எழுதினேன். எழுதினேனே தவிர யோசிக்கல."

"இன்னைக்கே ரெய்னோகிட்ட சொல்லிடுங்க."

"சொல்றேன், நாளைக்கு."

அந்த நாளை ஐந்து நாள் நீண்டது. அதற்குள் மதுக்கடையில் யாரோ, "என்ன ரெய்னோ, இந்த வருஷம் மானுக்குக் காது குத்தி அனுப்பிட்டியாமே?" என்று கேட்டு, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். ரெய்னோ கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். வில்பர்ட்டோடு ஆடும் புதன்கிழமைச் சீட்டாட்டத்துக்கும் வரவில்லை.

இன்று காலை துப்பாக்கிக் கடையில், ரெய்னோ வேட்டைக்கு எடுத்துப்போகும் அவன் அப்பாவின் துப்பாக்கி விலைச்சீட்டோடு தொங்கியதைப் பார்த்தேன். வந்து சொன்னதும் வில்பர்ட் சமையலறைத் தொலைபேசியை எடுத்து எண்களை அழுத்தினார்.

ஜன்னலுக்கு வெளியே, புல்வெளிக்கு அந்தப்பக்கம் ரெய்னோவின் வீடு. வண்டி வாசலில் நிற்கிறது. புகைபோக்கியில் புகை.

"வீட்லதான் இருக்கான்" என்றார் என்னைப் பார்க்காமல். "எடுடா மாப்ள."

மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.