ஓரம் வெட்டிய பாட்டுப் புத்தகம்

போன மாதம் ஒரு நல்ல காரியம் செய்தேன். அதிலிருந்து இன்னும் முழுசாக வெளியே வரவில்லை.

புத்தகக் கலை பற்றி நான் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருப்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். பைண்டிங், காகிதம் செய்வது, அப்புறம் 'ஆர்ட்டிஸ்ட் புக்' என்று ஓவியர்கள் ஒரே ஒரு பிரதி செய்து வைக்கிற விநோதங்கள்... வீடியோ வீடியோவாகப் பார்க்கிறேன். எழுத்தே இல்லாத புத்தகம் இருக்கிறது. விசிறி மாதிரி விரிகிற புத்தகம் இருக்கிறது. திறக்கவே முடியாத புத்தகம்கூட ஒன்று பார்த்தேன். அதை எதற்குப் புத்தகம் என்று சொல்ல வேண்டும்? எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

பார்த்தால் மட்டும் போதுமா? செய்து பார்க்க வேண்டாமா? பத்தமடைக்குப் போய், பாய் நெய்கிறவர்கள் கழித்துப் போட்ட கோரையை ஒரு பை வாங்கி வந்தேன். ஊறவைத்து, வேகவைத்து, மிக்ஸியில் அரைத்து, துணியில் ஊற்றி மொட்டைமாடியில் காயப்போட்டேன். காகிதம் வந்தது — அப்பளத்துக்கும் அடைக்கும் நடுவில் ஏதோ ஒன்றாக. மிக்ஸி போயே போய்விட்டது.

"அடையே சுட்டிருந்தா நாலு பேரு சாப்பிட்டிருக்கலாம்" என்றாள் என் மனைவி கோமதி. அவள் அதிகம் பேச மாட்டாள்.

இந்த ஆராய்ச்சி மும்முரத்தில்தான் அடுத்த வீட்டு எமிலி டீச்சரின் மேஜையில் அந்தப் பாட்டுப் புத்தகம் என் கண்ணில் பட்டது.

டீச்சர் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவர். ஓய்வு பெற்றாயிற்று. ஆனால் அவர்கள் சர்ச்சின் பாடகர் குழுவுக்கு இன்றைக்கும் அவர்தான் தலைவி. முப்பது பேரை முன்னால் நின்று பாட வைக்கிறவர். புத்தகம் அவரிடம் பட்ட பாடு தெரிந்தது. அட்டை தனி, தாள் தனி. ஒரு ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார்.

"குடுங்க டீச்சர், நான் பைண்ட் பண்ணித் தாரேன்."

"இப்பம் வேண்டாம் சார். அசனம் முடியட்டும்" என்றார். அசனம் என்பது அவர்கள் சர்ச் பண்டிகை. குழு பாடும், அப்புறம் ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும். அதற்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது.

"அதுக்குள்ள புதுசாக்கிரலாம் டீச்சர்" என்று கிட்டத்தட்டப் பிடுங்கிக்கொண்டுதான் வந்தேன்.

சுடலைமுத்து அண்ணாச்சியின் பைண்டிங் கடை ஜங்ஷன் பக்கம். வக்கீல் கட்டு, காலேஜ் பிராஜெக்ட், ஆபீஸ் ரிஜிஸ்டர் என்று கடையில் நிற்க இடம் இருக்காது. அவருக்குத் தலை நிமிர நேரம் கிடையாது. நான் விடுவேனா? ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஜப்பானில் தையலை வெளியே தெரியும்படி எப்படிப் போடுகிறார்கள், எகிப்தில் பசையே இல்லாமல் எப்படிக் கட்டினார்கள், காகிதத்துக்குள் நார் எந்தத் திசையில் ஓடுகிறது... ஒரு மணி நேரம் பேசினேன். அண்ணாச்சி ஊசியை இழுத்துக்கொண்டே 'ம்', 'ம்' என்றார்.

கடைசியில், "சரி சார், செவ்வாக்கெழம வாங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை போனேன். சிவப்புக் காலிகோத் துணி. நாலு மூலைக்கும் தனித் துணி. மூன்று பக்கமும் மிஷினில் வெட்டி, புதுச் சோப்புக் கட்டி மாதிரி வழவழவென்று இருந்தது. டீச்சர் கையில் கொண்டுபோய்க் கொடுக்கும்போது எனக்கு அப்படி ஒரு பெருமை.

"ரொம்ப அழகா இருக்கு சார்" என்று தடவிப் பார்த்தார். திறந்தார். இரண்டு தாள் புரட்டினார். நிறுத்தினார்.

"சார்... நான் எழுதுனதெல்லாம் எங்க?"

அப்போதுதான் பார்க்கிறேன். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் பென்சிலில் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறார். எங்கே மூச்சு விட வேண்டும், யார் எங்கே இழுப்பார்கள், யாரை எங்கே அடக்க வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சேர்த்த குறிப்பு. இப்போது வலப்பக்கத் தாள்களில் 'மூச்' வரை இருந்தது. இடப்பக்கத் தாள்களில் 'விடு' மட்டும் இருந்தது. ஒரு விரல் அகலம் போய்விட்டது.

"பரவாயில்ல சார். நல்லதுன்னு நெனச்சுத்தான செஞ்சீங்க" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "எனக்கு முன்ன மாதிரி ஞாபகம் நிக்க மாட்டேங்கு. இத எழுதி வச்சிருந்ததாலதான் ஒப்பேத்திக்கிட்டு இருந்தேன். இந்த வருசம் வேற யாரையாவது முன்னால நிக்கச் சொல்லிருதேன்."

பண்டிகைக்கு ஒன்பது நாள். புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜங்ஷனுக்கு ஓடினேன்.

அண்ணாச்சி மைதாவும், பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தமும் போட்டுப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தார். அடுப்புக்குள் எரிந்தது என்ன? வெட்டிய காகிதத் துண்டுகள். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வெட்டாம எப்படி சார் வெளிய குடுக்க? மூணு பக்கமும் பிஞ்சு தொங்கிச்சு. அப்படியே விட்டா எவன் கட்டுனதுன்னு என்னையத்தான கேப்பாங்க. பென்சில் கிறுக்கல் எந்தப் புஸ்தவத்துலதான் இல்ல?" கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒரு மணி நேரமா ஜப்பான்காரன் தைக்கத சொன்னீங்க. ஓரத்த வெட்டாதீங்கன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா?"

சொல்லவில்லை. சொல்வதற்கு முதலில் நான் பார்த்திருக்க வேண்டும் இல்லையா? கையில் வாங்கிய நிமிஷத்திலிருந்து அந்தப் புத்தகத்தை நான் திறக்கவே இல்லை. தையலைப் பார்த்தேன், அட்டையைப் பார்த்தேன், உரிந்த முதுகைப் பார்த்து ரசித்தேன். படிக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைச் சொல்லவும் செய்தேன்.

அண்ணாச்சி அடுப்பை அணைத்தார். மூலையில் வெட்டுத் துண்டுகள் போட்டு வைத்திருந்த உரச் சாக்கைக் கொண்டுவந்து தரையில் கவிழ்த்தார். இருவரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம். பிராஜெக்ட் காகிதம் வெள்ளை. வக்கீல் காகிதம் பச்சை. நமக்கு வேண்டியது பழுப்பு.

நல்லவேளை, மிஷின் ஒரே வெட்டாக வெட்டுவதால் ஓரத் துண்டுகள் தாளின் வரிசையிலேயே அடுக்காக விழும். அது சிதறாமல் நூலால் ஒரு சுற்றுச் சுற்றிப் போடுவது அண்ணாச்சியின் வழக்கம். எந்தக் கட்டாக இருந்தாலும் செய்வாராம். அந்தக் கட்டு கிடைத்தது. மேலே இருந்த, புத்தகத்தின் கடைசிப் பதினாலு துண்டு மட்டும் இல்லை. பசை அடுப்புக்குப் போயிருந்தது.

வெட்டிய எழுத்தின் பாதி தாளில் இருந்தது, பாதி துண்டில் இருந்தது. சேர்த்து வைத்தால் கூடியது. நான் வாசித்தேன். 'ஆல்டோ தூங்காதே' — அது கீழ்க்குரல் பெண்கள் வரிசை. 'ஜெபா இழுப்பான், முறைத்துப் பார்.' 'சாம்சன் சார் கத்துவார், கண் காட்டு.'

"பாட்டுப் புஸ்தவமா வே இது? போலீஸ் ஸ்டேஷன் மாதிரில்லா இருக்கு" என்று அண்ணாச்சி சிரித்தார். இரண்டு மணி நேரம் ஒரே குவியலில் கை விட்டுத் துழாவியதில் நான் 'சார்' பதவியை இழந்து 'வே' ஆகியிருந்தேன். எனக்கு அது பிடித்திருந்தது.

"திரும்ப ஒட்டிரலாமா அண்ணாச்சி?"

"ஒட்டுனா ஓரம் ஊதிரும் வே. புஸ்தவம் மூடாது." கொஞ்ச நேரம் துண்டுகளைக் கையில் தட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் பைய எழுந்தார். துண்டுகளுக்கு வரிசையாக எண் போடச் சொன்னார். மேல்முனையில் ஒரே ஓட்டை, ஒரே கயிறு. முன்னும் பின்னும் அதே சிவப்புத் துணியில் விரல் அகலத்துக்கு இரண்டு அட்டை. சாவிக் கொத்து மாதிரி ஒரு புத்தகம். எந்தத் தாளுக்கு எந்தத் துண்டோ அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். வலப்பக்கம் முடிந்தால் துண்டைத் திருப்பி இடப்பக்கம் வைக்கலாம்.

"இந்த மாதிரி நான் கட்டுனதே கெடயாது" என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான். உலகத்தில் இன்னொரு பிரதி இல்லாத புத்தகம். இத்தனை வீடியோ பார்த்தும் விளங்காதது அந்தத் தரையில் எனக்கு விளங்கியது.

கொண்டுபோய்க் கொடுத்ததும் டீச்சர் முதல் துண்டைத் தாளோடு சேர்த்து வைத்தார். 'மூச்சு விடு' என்று கூடியது. இன்னொன்று வைத்தார். பத்துப் பன்னிரண்டு வைத்த பிறகுதான் நிமிர்ந்தார். "காபி சாப்பிடுதீங்களா சார்?" என்றார். எனக்கு உயிர் வந்தது.

அடுப்பில் போன பதினாலு? அன்று சாயங்காலம் பாட்டுப் பயிற்சியில் டீச்சர் நேராகவே சொல்லிவிட்டார் — கடைசிப் பாட்டுகளுக்குத் தன் குறிப்பு இல்லை, தனக்கு ஞாபகமும் இல்லை என்று. பிறகு சாம்சன் சார் எழுந்தார். "அந்தப் பாட்டுல மூணாவது வரில என்னைய கண் காட்டி அடக்குவீங்க டீச்சர்." பின்வரிசையில் ஒரு பெண், "எனக்கு அங்கன மூச்சு பத்தாதுன்னு ஒரு வார்த்த முன்னாலயே நிறுத்தச் சொல்வீங்க" என்றாள். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். வாங்கிய திட்டை யார்தான் மறப்பார்கள்? டீச்சர் புதுத் துண்டில் எழுதிக்கொண்டே வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை, பின்னால் உட்கார்ந்திருந்த நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பண்டிகையன்று அவரே முன்னால் நின்றார். ஸ்டாண்டில் பாட்டுப் புத்தகம், வலது கை தாளம் போட, இடது கையில் அந்தச் சிவப்புக் கொத்து. எனக்குப் பாட்டு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் முப்பது பேரும் ஒன்றாக மூச்சு விட்டது கடைசி வரிசை வரை கேட்டது. பந்தியில் எனக்குப் பக்கத்து இலை அண்ணாச்சிக்கு. "குழுவுல மத்தவங்க புஸ்தவமும் கிழிஞ்சுதான் கெடக்கு வே. வெட்டாமலே கட்டிரலாம்" என்றார், சாம்பாருக்கு நடுவில்.

சாப்பிட்ட பிறகு ஆராய்ச்சிக்காகப் படம் எடுக்கிறேன் என்று டீச்சரிடம் அந்தக் கொத்தை வாங்கினேன். இந்தத் தடவை ஒழுங்காக ஒவ்வொரு துண்டாகப் படித்தேன். கடைசித் துண்டு புதுசு. பென்சிலில், அதே பொடி எழுத்து:

'இனி புத்தகம் கிழிந்தால் — அடுத்த வீட்டு சார் கண்ணில் படாமல் வை.'