என் கைக்கு வந்த மெழுகுவர்த்தி

இரண்டு வருடங்களுக்கு முன், மகளிர் தினத்தன்று, ஓசூர் சிப்காட்டில் நான் வேலை செய்யும் கம்பெனி கேன்டீனில் நடந்தது இது.

எங்கள் உற்பத்தி லைனில், இலங்கைத் தமிழர் அகதி முகாமிலிருந்து வேலைக்கு வரும் தோழி ஒருத்தி உண்டு. அவளைப் பார்க்க அவளுடைய அக்கா இலங்கையிலிருந்து வந்திருந்தார். போரில் கணவனையும் பிள்ளையையும் தொலைத்த பெண்களைத் திரட்டிக்கொண்டு, ராணுவ முகாம் வாசலில் போட்டோவோடு போய் நின்று, “எங்கே?” என்று கேட்டவராம். அவருக்குப் பொன்னாடை போர்த்தியே ஆகவேண்டும் என்று மேனேஜரிடம் சண்டை போட்டு அனுமதி வாங்கினோம்.

வந்தவரோ ஒல்லியாக, ரப்பர் செருப்போடு, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டோடு இருந்தார்.

கேன்டீன் வாசலில் எல்லோருக்கும் பூவும் குங்குமமும் கொடுத்தார்கள். என்னிடம் வந்ததும் தட்டு அடுத்தவளுக்கு நகர்ந்தது. என் கணவர் இறந்ததிலிருந்து இது பழகிவிட்டது. அதற்கடுத்த வாரம் என் மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தோம். அதற்கே என் ஓரகத்தி, “நல்ல காரியம் பாரு, தட்டை நாங்க மாத்திக்கறோம், நீ உள்ளாற இருந்துக்கோ” என்று சொல்லிவிட்டாள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

“சுமங்கலி கையால விளக்கேத்துங்கம்மா” என்று சூப்பர்வைசர் இலங்கையிலிருந்து வந்த அக்காவிடம் மெழுகுவர்த்தியை நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டு மைக்கில் சொன்னார்.

“என்ர மனுசனை ஆமிக்காரர் பிடிச்சுக்கொண்டு போனவை. இருக்கிறாரோ இல்லையோ எண்டு இண்டைக்கும் ஒருத்தரும் சொல்லேல்லை. பொட்டை அழி எண்டு ஊர் சொல்லிச்சுது. இது என்ர நெத்தி எண்டு சொல்லிப்போட்டன்.”

அம்மாடி! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. துப்பாக்கிக்கும் பயப்படவில்லை, ஊர் வாய்க்கும் பயப்படவில்லை, என்ன பொம்பளை இவர்!

அவர் நேராக நான் உட்கார்ந்திருந்த கடைசி வரிசைக்கு நடந்து வந்தார். தட்டு என்னைத் தாண்டிப் போனதைக் கவனித்திருக்கிறார். “வாங்கோ பிள்ளை, நீங்கள் ஏத்துங்கோ” என்று மெழுகுவர்த்தியை என் கையில் வைத்தார். “ஐயோ, நான் வேணாம்மா, ஆகாது” என்றேன். பிடித்த கையை அவர் விடவே இல்லை. அன்றைக்கு முதல் திரியை நான்தான் ஏற்றினேன். மெழுகெல்லாம் தரையில் சொட்டியது.

நிச்சயத்தன்று ஓரகத்தி தட்டைத் தூக்கினாள். “குடு அக்கா, பெத்தவ நான் இருக்கேனில்ல” என்று வாங்கிக்கொண்டேன். கர்நாடக எல்லையோரத் தளியிலிருந்து வந்திருந்த சம்பந்தியம்மா எழுந்து வந்து, “கொடி அக்கா”, கொடுங்க அக்கா என்று கன்னடத்தில் சொல்லி, இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார்.

இப்போதும் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, கண்ணாடி முன் நின்று, அன்றிலிருந்து நானும் வைக்கத் தொடங்கிய பொட்டை வைக்கையில், எங்கோ ஒரு ராணுவ முகாம் வாசலில் இன்னும் போட்டோவோடு நிற்கும் அந்த அம்மாவை நினைத்துக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.