மிதிக்கிறவளைக் கேட்காமல் செய்த மெஷின்

என் கையெழுத்து கோணலாகப் போகும். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு தறிக்குழியில் இறங்கிவிட்டவன் நான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேசச் சொன்னால் இதைவிட மோசம் என்பதால்தான் எழுதுகிறேன்.

காலேஜிலிருந்து இன்ஜினியர் சார் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது கையில் ஒரு சிறிய இரும்புப் பெட்டி இருந்தது. குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தார். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் ஒரே தறி. நான் சாயம் போடும் இடத்துக்கு வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு அதில் நெய்வது என் மனைவி. நாள் முழுக்க மிதியை அழுத்தி, தலைக்கு மேலே தொங்கி, பூவுக்கு இழைகளைப் பிரித்துத் தரும் ஜக்கார்டைத் தூக்கித் தூக்கி, அவளுடைய வலது முழங்கால் வீங்கிப்போயிருந்தது. இப்படியே மிதித்தால் எழுந்து நடக்க முடியாது, தறியை விட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று வீட்டுப் படியேறும்போது, “வுட்டுட்டு நான் இன்னா பண்றது?” என்று கேட்டாள்.

அந்த நேரத்தில்தான் சார் வந்தார். அந்தப் பெட்டிக்குள் இருந்தது ஒரு மோட்டார். காலால் ஒரு சுவிட்சை லேசாகத் தொட்டால் போதும், ஜக்கார்டை அதுவே தூக்கிவிடும். “காலேஜ்ல ஓடினா பத்தாதுண்ணா. உங்க வீட்ல, உங்க வேலைல ஓடணும். குறை சொல்லுங்க, மாத்திக்கிட்டே வரேன். இது நீங்களும் சேர்ந்து செய்யற மெஷின்” என்றார். எங்கள் தெருவில் நான்கு வீட்டில் மாட்டினார்கள். முதல் நாள் தறியில் உட்கார்ந்து காட்டச் சொன்னார். வெளி ஆட்கள் முன்னால் உட்கார என் மனைவி கூச்சப்பட்டாள். நான் உட்கார்ந்து சேலையில் பூ இல்லாத வெறும் உடல் பகுதியைக் கொஞ்சம் நெய்து காட்டினேன். ஒவ்வொரு தடவையும் ஜக்கார்டு எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்று கடிகாரத்தில் பார்த்து, அதே கணக்கை மோட்டாரில் வைத்துவிட்டார்.

வெறும் உடலுக்கு அந்த நேரம் சரி. என் மனைவி நெய்வது பூ வைத்த சேலை. ஜக்கார்டு மேலே நிற்கும்போது, ஜரிகை சுற்றிய சிறு குச்சிகளை ஒவ்வொரு பூவிலும் கையால் நுழைக்க வேண்டும். அவள் பாதி பூவில் இருக்கும்போதே மோட்டார் ஜக்கார்டை இறக்கிவிடும். கை இழைக்குள் மாட்டும். நீளவாக்கில் ஓடும் பாவு இழை அறுந்துபோகும். அறுந்ததை எல்லாம் முடிச்சுப் போட்டுச் சேர்ப்பதற்குள் பாதி நாள் போய்விடும். மூன்றாம் நாளே அவள் சுவிட்சைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பழையபடி மிதிக்க ஆரம்பித்தாள்.

சார் வியாழக்கிழமை தோறும் மத்தியானம், நான் சாப்பிட வீட்டுக்கு வரும் நேரத்தில் வருவார். ஆட்டோ சத்தம் கேட்டதும் நான் ஓடிப்போய் சுவிட்சைத் திரும்ப மாட்டுவேன். “எப்படிண்ணா இருக்கு?” என்பார். “நல்லா இருக்குது சார்” என்பேன். மற்ற மூன்று வீட்டிலும் அதே பதில்தான். வெயிலில் அவ்வளவு தூரம் வந்து, வியர்வையோடு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கிற பிள்ளையிடம், நீ கொண்டுவந்தது சரியில்லை என்று எப்படிச் சொல்வது? விருந்துக்குப் போன வீட்டில் குழம்பு சரியில்லை என்று சொல்வோமா? எங்கள் தெருவில் யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. ஒரு சோடா வாங்கிக் கொடுத்து மரியாதையாக அனுப்பிவைப்போம்.

ஐந்தாவது வியாழக்கிழமை, எல்லாம் சரியாக இருக்கிறது, இதே அளவில் நிறைய மெஷின் செய்யப்போகிறோம் என்று சொல்லி, கையெழுத்துப் போட ஒரு காகிதத்தை நீட்டினார். நான் பேனாவை வாங்கிவிட்டேன். தறிக்குழியிலிருந்து குரல் வந்தது.

“ஏங்க, மிதிக்கிறது நானு. கையெழுத்து நீங்களா?”

சார் திரும்பிப் பார்த்தார். அவள் புடவையை முழங்கால்வரை ஒதுக்கி வீக்கத்தைக் காட்டினாள். “இது கொறஞ்சா மாரி இருக்குதா சார்? இவரு கேட்டதுக்கெல்லாம் தலையாட்டிக்கினு இருப்பாரு. என்னாண்ட ஒரு நாளாவது கேட்டியா நீ?”

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். சார் முகம் சிவந்துவிட்டது. கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, “நான் உக்காந்து பாக்கலாமாக்கா?” என்றார்.

“பேண்ட்டை மடிச்சுக்கினு எறங்கு. மாமியார் வூட்டுக்கு வந்த மாரி நிக்காத.”

அவள் சொல்லிக்கொடுத்தபடி ஒரு பூவில் குச்சியை நுழைத்தார். பாதியில் ஜக்கார்டு தடாலென்று இறங்கியது. அவர் விரலோடு நாலைந்து இழை அறுந்து வந்தது. அந்த இழைகளை உள்ளங்கையில் வைத்து எண்ணிப் பார்த்தார். பிறகு, “தப்பு என்னுதுதான்க்கா. யாருக்குக் கால் வலிக்குதோ அவங்களைக் கேக்காம விட்டுட்டேன்” என்றார். என்னைப் பார்த்து ஒரு வார்த்தைகூட அவர் கடிந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

காகிதத்தைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு வாரத்துக்கு மூன்று நாள் வந்தார். கேள்வியெல்லாம் அவளிடம்தான். அவளும் சலிக்காமல் திட்டுவாள். அவரும் சலிக்காமல் எழுதிக்கொள்வார். கடைசியில் கடிகாரக் கணக்கையே எடுத்துவிட்டார்கள். கால் சுவிட்சின் மேல் இருக்கும்வரை ஜக்கார்டு மேலேயே நிற்கும். காலை எடுத்தால் மெதுவாக இறங்கும். அது அவள் சொன்ன யோசனை. இன்று அவள் கால் முழுசாகச் சரியாகிவிடவில்லை. ஆனால் நடக்கிறாள், நெய்கிறாள்.

சார் வேறு ஊருக்கு வேலை மாற்றிப் போய்விட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. போன வாரம் ஐயம்பேட்டையிலிருந்து ஒருவர், தறி நெய்கிற தன் மகளுக்காக விசாரிக்க வந்தார். வாசலில் நின்றபடியே, “மெஷின் எப்படிப்பா இருக்குது?” என்று என்னைக் கேட்டார். நான் ஒதுங்கி வழிவிட்டேன். “உள்ள போய் அவளாண்ட கேளுங்க. உங்க பொண்ணையும் இட்டுக்கினு வாங்க, அதுவே உக்காந்து பாக்கட்டும்” என்றேன்.

எழுதி முடித்தது: கார்த்திகை மாதம் மூன்றாம் தேதி, வியாழக்கிழமை.