வேப்பிலை கட்டிய சிலுவை வீடு

துவாக்குடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் லிசி அக்காவை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஜெர்மனியில் இருக்கும் எனக்கு அவர் ஒரு போன் குரல்தான். அந்தக் குரல் என் வீட்டுக்குச் செய்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் கடைசித் தங்கை யமுனா துவாக்குடியில் அறை எடுத்துத் தங்கி இன்ஜினியரிங் படிக்கிறாள். பங்குனி வெயிலில் அவளுக்கு அம்மை போட்டுவிட்டது. தங்கியிருந்த இடத்தில் அன்றைக்கே பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டார்கள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு பஸ் ஏறினால் வந்துவிடும். ஆனால் அங்கே பெரிய தங்கை பிரேமலதா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். நிறைமாதம். அவளுக்குத் தொற்றினால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. அவளைத் தனியே விட்டு அம்மாவாலும் கிளம்ப முடியாது. நான் இங்கே உட்கார்ந்து அம்மையால் என்னென்ன கேடு வரும் என்று இணையத்தில் படித்துக்கொண்டிருந்தேன். கெட்டதைத் தேடிப் பிடிக்க எனக்குத் தமிழ், ஜெர்மன் இரண்டு மொழியும் துணை.

பெட்டியோடு தெருவில் நின்ற யமுனாவை, அவள் வழக்கமாக பிரிண்ட் எடுக்கும் கடையிலிருந்து லிசி அக்கா கூப்பிட்டிருக்கிறார்.

"எங்கடி கெளம்பிட்ட, மூஞ்செல்லாம் முத்தோட?"

"தெரியலக்கா."

"தெரியலன்னா உள்ள வா. எனக்குச் சின்னதுலயே வந்து போச்சு. கடைக்குப் பின்னாடிதான் வீடு."

கணவர் இறந்தபின் அக்கா தனியாள். வாசல் நிலைக்கு மேலே ஒரு மரச்சிலுவை. அன்று மாலை அம்மா அவரோடு போனில் பேசியபோது நானும் இணைப்பில் இருந்தேன்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா," அம்மா தயங்கினார். "நிலையில கொஞ்சம் வேப்பிலை செருகணும். சமயபுரத்தா நமக்காகப் பட்டினி கெடக்குற மாசம். வீட்ல தாளிக்கக் கூடாது, கவிச்சி ஆகாது. நீங்க வேதக்காரங்க, எப்படிக் கேக்குறதுன்னு..."

லிசி அக்கா சிரித்தார். "உங்க ஆத்தாளுக்குப் பட்டினின்னா எங்களுக்கும் தவக்காலம்தாம்மா. கறி மீன் எதுவும் கெடையாது. தாளிப்பையும் விட்டுட்டாப் போச்சு. வேப்ப மரம் எதுத்தாப்லயே நிக்குது."

மறுநாள் போட்டோ வந்தது. சிலுவைக்கு இரண்டு பக்கமும் வேப்பிலைக் கொத்து.

அந்தக் கொத்து தெருவுக்கே சேதி சொல்லிவிட்டது. மாணவர்கள் கடைப்பக்கம் வருவதை நிறுத்தினார்கள். அதுகூட அக்காவுக்குப் பெரிதாகப் படவில்லை. அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வீடு வீடாகக் கூடி ஜெபிக்கும் அன்பியத்தின் தலைவி பிலோமினா அக்கா வந்து வாசலிலேயே நின்றதுதான் வலித்தது. யமுனா படுத்தபடியே கேட்டு எனக்குச் சொன்னாள்.

"ஏண்டி லிசி, இது ஆண்டவர் வீடா, மாரியாத்தா கோயிலா? புள்ளையப் பாத்துக்க, யாரு வேணாங்குறா? அந்த எலையை அவுத்துரு."

"அவுத்தா அவங்கம்மாவுக்குத் தூக்கம் வராதுக்கா. ஆண்டவருக்குச் செய்றதா நெனச்சுத்தான் இந்தப் புள்ளைக்குச் செய்றேன். புள்ளைய மட்டும் உள்ள விட்டுட்டு, பெத்தவ மனசை வாசல்ல நிறுத்தச் சொல்றீங்களா?"

"அது தொங்குற வரைக்கும் நான் உள்ள வர மாட்டேன்."

இயேசு சிலுவை சுமந்த வழியை நிலை நிலையாகத் தியானித்து ஜெபிக்கும் சிலுவைப்பாதைக்கு, அந்த வெள்ளிக்கிழமை லிசி அக்காவை யாரும் கூப்பிடவில்லை. யமுனாவின் முதுகை வேப்பங்கொழுந்தால் வருடிக்கொண்டே, ஒவ்வொரு நிலைக்கும் உரிய ஜெபத்தை அவர் தனியாகச் சொல்லி முடித்தாராம்.

பிறகு யமுனாவுக்கு இருமல் வந்தது. காய்ச்சல் இறங்கவில்லை, மூச்சு வாங்கியது. வீடியோவில் பார்த்ததும் டாக்டரிடம் காட்டச் சொல்லி அம்மாவிடம் கத்தினேன்.

"ஆத்தா வந்திருக்குற உடம்புல ஊசி மருந்து படக் கூடாது. எங்கயோ உக்காந்துகிட்டு நீ சொல்லாத." அம்மா போனை வைத்துவிட்டார்.

நான் லிசி அக்காவிடம் அழுதேன். அவர் அம்மாவைக் கூப்பிட்டு என்னையும் இணைத்தார்.

"அம்மா, நீங்க சொன்னதுல எதையாவது விட்டேனா?"

"இல்ல தாயி."

"தாளிச்சேனா? எலைய வாட விட்டேனா?"

"பெத்த நானே இவ்ளோ பாத்திருக்க மாட்டேன்."

"அப்ப நான் ஒண்ணு கேக்குறேன், மறுக்காதீங்க. புள்ளைக்கு நெஞ்சுல சளி கட்டுது. புத்தூர் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். வேப்பிலை மடியிலயே இருக்கட்டும். உங்க ஆத்தாளும் வரட்டும், எங்க ஆண்டவரும் வரட்டும். ஆட்டோவுல எடம் இருக்கு."

அம்மா விசும்பினார். பிறகு சொன்னார்: "கூட்டிட்டுப் போங்க. உங்க கையில விட்டுட்டேன்."

முதலில் வந்த ஆட்டோ வேப்பிலையைப் பார்த்ததும் நிற்காமல் போய்விட்டது. அடுத்து வந்தது பிலோமினா அக்காவுடைய வீட்டுக்காரரின் ஆட்டோ. பிலோமினா அக்காவும் உள்ளே இருந்தார்.

"என்னடி முழிக்கிற, ஏறு. வீட்டுக்குள்ள வர மாட்டேன்னுதான் சொன்னேன். ஆட்டோ தர மாட்டேன்னா சொன்னேன்?"

நெஞ்சில் சளி இறங்கத் தொடங்கியிருந்தது. நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். சில நாள் அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். லிசி அக்கா கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தார். சாப்பாடு பிலோமினா அக்கா வீட்டிலிருந்து வந்தது. காய்ச்சல் விட்டது. யமுனா எழுந்து உட்கார்ந்து என்னிடம், "இன்னும் அழுதுகிட்டுத்தான் இருக்கியா?" என்று கிண்டலடித்தாள்.

பொருக்கெல்லாம் உதிர்ந்து, இனிமேல் யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் சொன்ன பிறகு, பிரேமலதாவுக்கு அன்று ஒரு பகல் மட்டும் பக்கத்து வீட்டாரைத் துணைக்கு வைத்துவிட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்ற அம்மா துவாக்குடிக்குப் போனார். நான் வீடியோவில். அன்பியத்துப் பெண்கள் எல்லாரும் கொல்லைப்புறத்தில் நின்றார்கள். வெயிலில் சூடேறிய அண்டாத் தண்ணீரில் மஞ்சளும் வேப்பிலையும் மிதந்தன. பெற்றவள் ஊற்ற வேண்டிய முதல் சொம்பை அம்மா லிசி அக்காவிடம் நீட்டினார்.

"நானா? எனக்கு உங்க மொறை ஒண்ணும் தெரியாதேம்மா."

"உங்க சாமிகிட்டயே சொல்லி ஊத்துங்க. அவர் சொல்லித்தானே எம் பொண்ணைப் பாத்துக்கிட்டீங்க."

லிசி அக்கா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஊற்றினார். அம்மா குலவையிட்டார். பிலோமினா அக்காவோ கையை உயர்த்தி, "அல்லேலூயா!" என்று கூவிவிட்டார். தவக்காலம் முடியும்வரை அவர்கள் அந்தச் சொல்லைச் சொல்வதில்லையாம். பக்கத்திலிருந்த பெண் அவர் இடுப்பில் இடித்தாள்.

"இருக்கட்டும்டி! செத்துப் பொழைச்சிருக்கு புள்ள. இன்னிக்குச் சொல்லாம என்னிக்குச் சொல்றது?"

இன்னொரு முறை கூவினார். இந்தத் தடவை எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள், அம்மாவும்.