ஏனச் சத்தமும் ஜிலேபிக் கெண்டையும்

தூண்டில்காரன்னு நான் பேரெடுத்ததே ஒரு பொய்யாலதான். பொண்ணு பாக்கப் போன அன்னைக்கு, பொழுதுபோக்கு என்னன்னு பொண்ணோட அண்ணன், இப்ப என் மச்சான், கேட்டார். சிமெண்டு ஆலையில லாரிக்கு எடை போடுறவனுக்கு என்ன பொழுதுபோக்கு, தூக்கம்தான். வாய் சும்மா இருந்துச்சா? "மீன் புடிக்கிறதுங்க. ஞாயித்துக்கிழமை வெறுங்கையோட வூடு திரும்புனதே இல்ல"ன்னுட்டேன். அது பாதி உண்மை. மீன் மாட்டாத நாள்ல, அதாவது எல்லா நாளும், அரியலூர் மார்க்கெட்ல வாங்கிக்கிட்டுத்தான் திரும்புவேன்.

கல்யாணம் ஆகி முதல் தடவையா தா.பழூர் பக்கம் மாமனார் வூட்டுக்கு மூணு நாள் தங்கப் போனோம். "கறி எடுக்க வேணாம்ப்பா, மீனுக்கு அவர் பொறுப்பு"ன்னு என் பொண்டாட்டி எல்லார் முன்னாலயும் சொல்லிட்டா. பாவம், என்னை நம்பிட்டா. மச்சான் பொண்டாட்டி அப்பவே மசாலா அரைச்சு வச்சுட்டு, "சட்டி அடுப்புல இருக்குண்ணே"ன்னுச்சு.

மீனுக்கு அமைதி பிடிக்கும்ங்கிறது என் ஞானம். விடிஞ்சதும் ஊர்க் குளத்தோட எதிர்க்கரையில, ஆளில்லாத எடமாப் பாத்து உக்காந்தேன். சூரியன் முதுகுக்குப் பின்னால; என் நிழல் நேரா தூண்டில் தக்கை மேலேயே விழுந்துச்சு. பத்து மணிக்குத்தான் அது மண்டையில ஏறுச்சு. அன்னைக்கு அந்த மசாலாவுல கத்திரிக்கா வெந்துச்சு. மறுநாள் நிழல் விழாத எடத்துக்கு மாறினேன், முருங்கைக்கா வெந்துச்சு.

"உன் வூட்டுக்காரர் புடிக்கிற மீனெல்லாம் சைவமாடி?"ன்னு மச்சான் பொண்டாட்டி கேக்க, எல்லாரும் சிரிச்சாங்க. என் பொண்டாட்டி மட்டும் தலையைக் குனிஞ்சு சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே இருந்தா. பொய் சொன்னது நான், மானம் போறது அவளுக்கு.

மூணாம் நாள் சாயந்தரம் ஊருக்குக் கெளம்பணும். காலையில எதிர்க்கரையில உக்காந்து, வெறுத்துப் போய் படித்துறையைப் பாத்தேன். பொம்பளைங்க சட்டி, பானைன்னு ஏனம் வெளக்கிக்கிட்டு இருந்தாங்க. ஒருத்தி சட்டியைக் கல்லுல டங்குனு வச்சதுதான் தாமதம், சோத்துப் பருக்கைக்காக அவளைச் சுத்தி ஜிலேபிக் கெண்டை மொய்க்குது. அடப்பாவி! நான் அமைதியத் தேடி இங்க உக்காந்திருக்கேன், மீனெல்லாம் சத்தத்தைத் தேடி அங்க போயிருக்கு. அந்த ஏனச் சத்தம்தான் அதுங்களுக்குச் சாப்பாட்டு மணி.

பொம்பளைங்க இருக்குற துறையில தூண்டில் போட முடியுமா? அவங்க போற வரைக்கும் காத்திருந்தேன். அவங்க போனாங்க, கூடவே மீனும் போயிடுச்சு. விடுவேனா? மாமனார் வூட்டுக் கொல்லைக்கு ஓடி, அடிப்புடிச்சுக் கெடந்த சோத்துக் குண்டானைத் தூக்கிட்டு வந்தேன். வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு படியில குந்தினேன். வலது கையில தேங்கா நார், இடது கையில தூண்டில், முள்ளுல ஒரு பருக்கை. டங்கு டங்குனு தேய்ச்சேன். மீன் வந்துச்சு! ஆனா தக்கை முங்குதேன்னு தேய்க்கிறதை நிறுத்தினா, எல்லாம் கலைஞ்சு ஓடுது.

பின்னால கொலுசுச் சத்தம். பொண்டாட்டி. "புது மாப்ள ஏனம் வெளக்குறாருன்னு தெருவே கரையில நின்னு வேடிக்கை பாக்குது"ன்னா. எனக்கு அழுகையே வந்துடும்போல ஆயிடுச்சு.

"எனக்கு மீன் புடிக்கத் தெரியாதுடி. எல்லாம் பொய்."

அவ சேலையைச் சொருவிக்கிட்டு பக்கத்துல குந்தி, குண்டானைப் புடுங்கினா. "தூண்டிலைப் பாருங்க"ன்னு சொல்லிட்டுத் தேய்க்க ஆரம்பிச்சா. ஒரு மணி நேரத்துல ஒன்பது கெண்டை.

மத்தியானம் மீன் கொழம்பு. "எங்க மாட்டுச்சு மாப்ள?"ன்னார் மாமனார். நான் வாயத் தொறக்குறதுக்குள்ள, "எதிர்க்கரையிலப்பா, ஆளே இல்லாத எடத்துல"ன்னா அவ. அவளும் எனக்காகப் பொய் சொல்ல வேண்டியதாப் போச்சேன்னு கண்ணு கலங்கிடுச்சு. காரம்னு சமாளிச்சேன்.

மச்சான் பொண்டாட்டி உள்ள போய் அந்தக் குண்டானைக் கொண்டாந்து என் எலைக்கு முன்னால வச்சுச்சு. பளபளன்னு இருந்துச்சு.

"அஞ்சு வருசமா நான் தேய்ச்சும் போவாத கரிண்ணே. அடுத்த தடவை வர்றப்ப அண்டாவை எடுத்து வைக்கிறேன்."

முதல்ல சிரிச்சது என் பொண்டாட்டிதான்.