கல்யாண வீட்டுக்குள் நுழையாத இசைத்தட்டு

பரமத்தி வேலூரில் ஒரு கல்யாணப் பந்தலுக்கு ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டிருந்தேன். சேலத்து பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இறங்கி நேராக என்னிடம் வந்தார். "ரேடியோ செட்டுக்காரரே, உங்க பாட்டுக்காரம்மா காலையில தவறிட்டாங்களாம். சூரமங்கலத்துல சொன்னாங்க" என்றார். வேலையைக் கூட இருந்தவரிடம் விட்டுவிட்டு, மாற்றுக்கு வைத்திருந்த சின்னச் செட்டையும் சிசிலியா அக்காவின் இசைத்தட்டையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

சிசிலியா அக்காவை மேடையில் கேட்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். சூரமங்கலம் ரயில்வே குடியிருப்புப் பெண். மாதா கோயிலில் பாடிப் பழகியவர். நலங்கு, ஊஞ்சல், சம்பந்தியைக் கேலி செய்யும் பாட்டு என்று அவர் எடுத்தால் பந்தலே சிரிக்கும். நான் அவருக்கு மைக் வைத்தவன். கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டால், "ஏனுங்க தம்பி, மைக்கு எனக்கா, மாப்பிள்ளைக்கா?" என்று எல்லார் முன்னாலும் மானத்தை வாங்குவார்.

அவரைக் கவிழ்த்தது ஒரு தாலாட்டு. மகள் தெரசா பிறந்தபோது பாடியது, பிறகு இசைத்தட்டிலும் வந்தது. ஜேடர்பாளையத்தில் ஒரு சின்னக் குழந்தை இறந்த வீட்டில், பறை வேண்டாம், அந்தத் தாலாட்டைப் போடுங்கள் என்று பெற்றவர்கள் கேட்டிருக்கிறார்கள். பாட்டு காதில் விழுந்தவர்கள் எல்லாம் கதறினார்களாம். அதன்பின் எந்தச் சாவு வீட்டிலும் அதுதான். எங்கள் பக்கத்தில் ஒரு பாட்டு சாவு வீட்டுக்குப் போய்விட்டால் கல்யாண வீட்டுக்குத் திரும்பி வராது.

அறுபதுகளில் கம்பெனிக்காரர்கள் அவருடைய சிறந்த பாட்டுகளை எல்லாம் சேர்த்து ஒரே பெரிய தட்டாகப் போட்டார்கள். உறையில் அக்காவின் சிரித்த முகம். "அந்தத் தாலாட்டு மட்டும் வேண்டாம்மா, விக்காது" என்று மேனேஜர் கெஞ்சினார். அக்கா மசியவில்லை. "என் புள்ளைக்குப் பாடுனதுங்க. செத்த ஊட்டுல போட்டாங்கன்னு, நான் பாடவே இல்லைன்னு சொல்லச் சொல்றீங்களா?" என்றார். பாட்டு சேர்ந்தது.

நான் அந்தத் தட்டை ஒரு கல்யாணத்துக்குக் கொண்டுபோனேன். பெண்ணின் மாமா உறையைப் பார்த்ததும் பதறிவிட்டார். "அதையா கொண்டாந்தீங்க? முதல்ல வெளிய வைங்க!" தாலாட்டு ஒரு பக்கம்தான், மறுபக்கம் முழுக்கக் கல்யாணப் பாட்டு என்றேன். "ரெண்டும் ஒரே தட்டுலதானுங்க இருக்குது" என்றார். எல்லா ஊரிலும் இதே கதைதான். தாலாட்டின் தீட்டு மற்றப் பாட்டுகளுக்கும் ஒட்டியது, கடைசியில் பாடியவருக்கும் ஒட்டியது.

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்யாணத்தில், பேசி வரவழைத்தவர்களே அக்காவைப் பந்தல் வாசலில் மறித்தார்கள். "தப்பா நெனைக்காதீங்க சாமி, சாப்ட்டுட்டுப் போயிருங்க" என்றார் ஒரு பெரியம்மா. நான் எகிறிக்கொண்டு முன்னால் போனேன். அக்கா என் கையைப் பிடித்து, "வாங்க தம்பி, பசிக்குது" என்று பந்தியில் போய் உட்கார்ந்தார். பாயசத்தை மட்டும் தொடவில்லை. அதன்பின் அவர் எந்தக் கல்யாணத்திலும் பாடவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது உடலை நடுவீட்டில் வைத்திருந்தார்கள். வழக்கப்படி தாலாட்டைப் போட ஊசியைத் தூக்கினேன். தெரசா எழுந்து வந்தாள். "அது எனக்குப் பாடுனதுங்க மாமா. இன்னைக்கு நான் தாங்க மாட்டேன். மறுபக்கம் போடுங்க. எனக்கு விவரம் தெரிஞ்சு அம்மா கல்யாணப் பாட்டுப் பாடி நான் கேட்டதே இல்லைங்க."

திருப்பிப் போட்டேன். நலங்குப் பாட்டு தெருவெல்லாம் கேட்டது. "பொணத்தை வெச்சுக்கிட்டு நலங்கா? புத்தி கெட்டுப் போச்சா?" என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். "பாடுனவங்க இங்கதான் படுத்திருக்காங்க, அவங்ககிட்டக் கேளுங்க" என்று கத்தினேன். சவப்பெட்டியைத் தூக்கும்வரை தெரசா பாட்டுக் குழாயின் அடியை விட்டு நகரவில்லை.

அந்தத் தட்டு என்னிடம்தான் இருக்கிறது. தாலாட்டு ஓடி ஓடித் தேய்ந்து, இப்போது பாதி இரைச்சல்தான் வருகிறது. மறுபக்கத்தில் ஒரு கீறல் கிடையாது. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அதை எடுத்துப் போகிறேன், போடட்டுமா என்று கேட்கிறேன், வேண்டாம் என்கிறார்கள்.