அக்காவின் படங்குக் கயிறு

என் அக்காவின் வயிற்றில் முதன்முதலாகக் கை வைத்துப் பார்த்தது டாக்டர் இல்லை, செக்பொயின்டில் நின்ற ஆமிக்காரப் பெண். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வரும்.

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேருக்கு முன்னால் பேச வராது. அக்காவும் அப்படித்தான். ஒரே தேயிலை மலையில் கொழுந்து எடுத்தோம், தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரே காம்பராவில் இருந்தோம். அவள் புருஷன் செத்துப் பத்து வருஷமாகியிருந்தது. யுத்தம் திரும்பவும் மூண்டு, ரோட்டெல்லாம் செக்பொயின்ட் முளைத்த காலத்தில் அவள் வயிறு உப்ப ஆரம்பித்தது.

கொழுந்தெடுக்கப் போகும்போது தேயிலைக் குச்சி கிழிக்காமல் இருக்க இடுப்பைச் சுற்றிப் படங்கு கட்டுவோம். முரட்டுச் சாக்குத் துணி. அதன் கயிறு அக்காவுக்கு எட்டாமல் போனது. மலையில் கேலி தொடங்கியது.

"என்னக்கா, மிட்வைப்கிட்ட பேர் பதிஞ்சாச்சா?"

"அஞ்சு மாசம் இருக்குமாடி?"

"மெதுவா பேசுங்கடி. கங்காணி காதுல விழுந்தா, புள்ளைக்கு அப்பன்னு தன் பேரைச் சொல்லிருவாளோன்னு அந்த மனுசனுக்கு ஜன்னி வந்துரும்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்து கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே இருந்தேன். மறுநாள் விடியற்காலையில் அக்கா கயிற்றை என் கையில் தந்தாள்.

"இழுத்துக் கட்டுடி. வயிறு தெரியக் கூடாது."

முழங்காலை அவள் முதுகில் கொடுத்து இழுத்துக் கட்டினேன். அன்றிலிருந்து தினமும் கட்டினேன். அவள் பல்லைக் கடிக்கும் சத்தம் எனக்குக் கேட்கும். கேட்டும் கட்டினேன்.

தோட்டத்து டிஸ்பென்சரிக்கும் போனோம். மருந்து கொடுப்பவர் ஆம்பளை. எங்களுக்குப் பின்னால் நீண்ட வரிசை. என்ன நோய் என்று கேட்டார்.

"என்னா வருத்தம்?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவளே சொன்னாள்.

"நெஞ்சு எரியுதுங்க ஐயா. ரெண்டு வாய்க்கு மேல எறங்க மாட்டேங்குது."

"காத்துதான். ரொட்டியும் சம்பலுமா தின்னா வேற என்னா வரும்? அடுத்த ஆள்!"

ஒரு போத்தல் வெள்ளைத் தண்ணி மருந்து. அடிவயிறு என்ற சொல் அவள் வாயிலும் வரவில்லை, என் வாயிலும் வரவில்லை. அந்த மனுஷனாவது எழும்பி வந்து பார்த்தாரா? மூன்று முறை போனோம். மூன்று முறையும் அதே போத்தல்தான்.

படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அக்கா சுவரில் சாய்ந்தபடி தூங்க ஆரம்பித்த பிறகுதான் கண்டி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். வழியில் பலாபத்வலைப் பக்கம் செக்பொயின்டில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். அந்த நாளில் தமிழச்சிக்கு வயிறு பெருத்திருந்தால் உள்ளே குண்டு இருக்குமோ என்று சந்தேகம்.

"மொக்கக்த மே?" என்ன இது என்று சிங்களத்தில் கேட்டபடி ஆமிக்காரப் பெண் சீலையை விலக்கிக் கையை வைத்தாள். அழுத்தினாள். அவள் முகம் மாறியது. "லெடக்," நோய் என்று எப்படியோ சொல்லிவிட்டேன். சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி, எங்களைத்தான் முதலில் பஸ்ஸில் ஏற்றினாள். குண்டு தேடிய கைக்குத் தெரிந்தது, மருந்து கொடுத்த கைக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் வயிற்றிலிருந்து தண்ணீரை இறக்கினார்கள். சோதித்துவிட்டு, புற்றுநோய் என்றார்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சுப் பேசும் இளம் பெண் டாக்டர் ஒருவர் கட்டிலில் உட்கார்ந்து விளக்கினார். கருப்பைக்குப் பக்கத்தில் இருக்கும் முட்டைப்பையில் தொடங்கி, குடலுக்கு மேலேயும் பரவிவிட்டதாம்.

"அங்கன இருந்தது ஏங்க கொடலுக்குப் போச்சு?" என்று அக்கா கேட்டாள்.

"அம்மா, உடம்பு சின்னச் சின்னக் கலங்களால ஆனது. ஒவ்வொரு கலத்துக்குள்ளயும் மரபணு இருக்கு. என்ன செய்யவேணும் எண்டு எழுதி வச்ச மாதிரி. எல்லாம் ஒரே நேரத்தில வேலை செய்யிறேல்லை. சிலது முழிச்சிருக்கும், சிலது அடங்கியிருக்கும். ஒண்டையொண்டு ஒட்டி இருக்கச் சொல்லுற மரபணு இந்தக் கலங்களில அடங்கிப்போச்சுது. கழண்டு திரியச் சொல்லுறது முழிச்சிட்டுது. அதால வயித்துத் தண்ணியில மிதந்துபோய், குடலை மூடியிருக்கிற கொழுப்பில ஒட்டி வளருது."

எனக்கு வேறொன்று கேட்க வேண்டியிருந்தது. படங்குக் கதையைச் சொல்லி, "நான் இறுக்கிக் கட்டுனதாலயா பரவுச்சு?" என்றேன்.

"இல்லை. கட்டினதால பரவேல்லை. மறைச்சதால வைத்தியம் பிந்திப்போச்சுது."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு நாலாம் மாதம் போய்விட்டாள். மலையில் மாசம் எண்ணியவர்கள்தான் சாவு வீட்டில் பெரிதாக மாரடித்தார்கள். அவர்களை வெளியே போகச் சொல்ல வாய்வரை வந்ததோடு சரி.

கூடப் பிறந்தவர்களும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அந்த டாக்டர் சொல்லியிருந்தார். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும் டிஸ்பென்சரிக்குப் போனேன். அதே வரிசை, அதே மேசை, அதே ஆள்.

"என்னா வருத்தம்?"

"முட்டைப்பைய சோதிக்கணும். கண்டி ஆஸ்பத்திரிக்குத் துண்டுச் சீட்டு எழுதிக் குடுங்க."

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"மெதுவா பேசு பொம்பள. ஆம்பளைங்க நிக்கிறாங்க."

"நிக்கட்டும். எங்கக்கா மெதுவா பேசித்தான் செத்தா."

என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். துண்டு என் கைக்கு வரும்வரை நான் அந்த மேசையை விட்டு நகரவில்லை.